அடி வாங்குகிறவன் முகம்

அந்த மரப்பட்டறையில் அக்காளும் தம்பியும் அடித்துக்கொள்ளாத நாள் அபூர்வம். வாய்ச்சண்டையைச் சொல்லவில்லை, அது எல்லார் வீட்டிலும் உண்டு. இவர்கள் கைநீட்டுகிற ரகம். சின்ன வயதில் அக்கா கடித்த தழும்பு தம்பியின் தோளில் இன்னும் இருக்கிறது. தம்பி முடியைப் பிடித்து இழுத்த இழுப்பில் அக்காவின் நெற்றியோரம் ஒரு இடத்தில் முடி முளைப்பதே நின்றுவிட்டது. இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஆனாலும் கோபம் வந்தால் பசை டப்பா பறக்கும், கட்டை பறக்கும், கையில் அகப்பட்டதெல்லாம் பறக்கும். அடுத்த நிமிடம் ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்தான் பதறிப்போய் ஓடி வருவார்கள். பழையவர்கள் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, திரும்பவும் கூட்டிக்கொள்வார்கள்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான். அக்கா மரத்தில் உருவம் செதுக்குகிறவள். பலகையிலிருந்து முகமும் தோளும் கையும் எழும்பி நிற்கும்படியான புடைப்பு வேலை. தம்பி மரத்தை அறுத்துக் கொடுப்பான். அவள் செதுக்கி முடித்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவான். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவான். அவனுடைய கட்டைவிரல் பொல்லாதது. கண்ணுக்குப் படாத மேடு பள்ளத்தை அது தடவியே கண்டுபிடித்துவிடும். என்ன பிரயோஜனம்? அந்த விரல் மரத்தைத் தடவிய நேரத்தைவிடப் போனைத் தள்ளிய நேரம்தான் அதிகம். சாப்பிடும்போது போன், தேய்க்கும்போது போன், வண்டி ஓட்டும்போதும் போன். ஒருநாள் அக்கா அதைப் பிடுங்கிக் கொதிக்கிற பசைச் சட்டியில் போட்டாள். அவன் அடுத்த நாளே புதுப் போன் வாங்கி வந்து, முதல் வேலையாக அவளுடைய கடுகடுத்த மூஞ்சியைப் படம்பிடித்து அதையே முகப்பில் வைத்துக்கொண்டான்.

அக்கா அதற்கு நேரெதிர். உளியைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு ஊர் உலகம் கிடையாது. ஒரு தடவை பட்டறைக்கு எதிரே டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தீப்பிடித்தது. தெருவே தலைதெறிக்க ஓடியது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. எல்லாம் அடங்கியபிறகு அவள் நிமிர்ந்து, "கரண்ட் எப்ப போச்சு?" என்று கேட்டாள். இதைத் தம்பி சொல்லாத ஆள் கிடையாது. அவளைத் திட்டிக்கொண்டே சொல்வான், ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வழியும். அவள் உளி பிடித்திருக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது என்று தன் பொண்டாட்டிக்குச் சட்டம் போட்டவனும் அவன்தான்.

இப்படி இருந்தவர்களிடம்தான் குத்துச்சண்டைக் கூடம் நடத்துகிற மாஸ்டர் வந்து சேர்ந்தார். மூக்கு மூன்று இடத்தில் வளைந்த மனிதர். கூடத்தின் முகப்புக்கு ஒரு பெரிய தேக்குப் பலகை வேண்டும் என்றார். இரண்டு வீரர்கள். ஒருவன் குத்துகிறான், இன்னொருவன் வாங்குகிறான். உள்ளே வருகிறவன் எவனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும் என்றார்.

அக்கா உடம்புகளை முடித்தாள். குத்துகிறவன் முகத்தையும் முடித்தாள். அது சுலபம், கோபமும் குறியும்தானே. குத்து வாங்குகிறவன் முகத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. பலகையில் அவன் தலைக்கு ஒரு கட்டி மரத்தை அப்படியே விட்டு வைத்திருந்தாள். அதில் ஒரு தடவைதான் உளி வைக்க முடியும். தப்பினால் மொத்தப் பலகையும் விறகு. அதனால் துண்டு மரங்களில் செதுக்கிப் பார்த்தாள். மாஸ்டர் வந்து பார்த்தார்.

"இவனுக்குப் பல்வலிங்க," என்றார் முதல் முகத்தைப் பார்த்து. அடுத்ததைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இவன் பஸ்ஸ விட்டவன்."

மூன்றாவதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். 

"இது கிட்ட வருது. ஆனா இவனுக்கு அடி வரப்போவுதுன்னு தெரியுது. நெசமா வாங்குறவனுக்கு அது தெரியாதும்மா. தெரிஞ்சா வெலகிக்குவான்ல."

அவர் சொன்னது சரி என்று தெரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று முகங்களையும் அவரெதிரிலேயே அடுப்பில் போட்டாள். கூடத்துக்குப் போய்க் கயிற்றோரம் நின்று பார்த்தாள். தலைக்கவசமும் கையுறையுமாக யார் யாரோ குத்திக்கொண்டார்கள். குத்துக்கு முன்னால் ஒரு முகம் தெரிந்தது, பின்னால் ஒரு முகம் தெரிந்தது. நடுவில் உள்ளதுதான் அவளுக்கு வேண்டும். அது கண்ணைச் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

"என்ன அடிச்சுப் பாத்துக்கயேன்," என்று தம்பி கன்னத்தைக் காட்டினான். "ஓசில கெடைக்குது. ஆசையும் தீரும்."

அவள் யோசிக்காமல் ஒன்று விட்டாள். நல்ல அறை, பட்டறை முழுக்கக் கேட்டது. அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "பாத்தியா?" என்றான்.

"இல்ல. அடிக்கிறப்ப கண்ணு கையில போயிடுது. வேற எவனாவது உன்ன அடிக்கணும், நான் சும்மா நின்னு பாக்கணும்."

"ஆள் சொல்லி அனுப்புறேன் இரு," என்றான் அவன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆள் வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தெருக்கோடியில் கதவு, ஜன்னல் கம்பி பற்றவைக்கிற வெல்டர் அவர். அதிர்ந்து பேசாதவர். பட்டறைக் கதவுக்குக் கீல் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார். அன்று தம்பி டெம்போவைப் பின்னால் எடுத்தபோது வெல்டர் பொண்டாட்டி அவர்கள் வீட்டு இரும்புக் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். டெம்போவின் பின்கதவுக்கும் கேட்டுக்கும் நடுவில் அவள் கை மாட்டி நசுங்கியது. தம்பி போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாட்டு வேறு அலறிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கியதும் பள்ளம் என்று நினைத்தான். முன்னால் எடுத்தான், போயே போய்விட்டான். ரோட்டில் ஒருத்தி கத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, தூசி மாஸ்க்கை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போனில் விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.

வெல்டர் தன் பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். சட்டையில் அவள் ரத்தம் காயக்கூட இல்லை. உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் அடி விழுந்ததை அக்கா பார்க்கவில்லை. அது சத்தியம். இன்னொரு துண்டு மரத்தில் இன்னொரு உருப்படாத முகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் சாய்ந்த அதிர்வு பெஞ்சு வழியாகக் கையில் ஏறி உளி வழுக்கியதால் தலையைத் தூக்கினாள். தம்பி தரையில் கிடந்தான். போன் மரத்தூளில் குப்புற விழுந்து, அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. வெல்டர் குனிந்து, அவன் சட்டைக் காலரையும் மோவாயில் கிடந்த மாஸ்க்கையும் ஒரே பிடியில் சேர்த்துப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். மாஸ்க்கின் எலாஸ்டிக் நாடா விண்ணென்று இழுபட்டு, காதிலிருந்து மோவாய்வரை கன்னத்தை அறுப்பதுபோல் அழுத்திக்கொண்டு நின்றது.

"அவ கையப் பாத்தியாடா?" என்றார் வெல்டர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எறங்கி வந்து பாத்தியாடா நீ?"

"யாரு கைண்ணே?" என்றான் தம்பி. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. வாயோரம் ரத்தம் கசிய, திருதிருவென்று விழித்தான்.

கூப்பிட நேரம் இருந்தது. இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. அக்காவின் கையில் உளியைத் தட்டுகிற கொட்டாப்புளி இருந்தது, இரண்டெட்டு வைத்தால் போய்விடலாம், அதுகூட வேண்டாம், "அண்ணே, விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெல்டர் விட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. உளியைச் சத்தமில்லாமல் பெஞ்சில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் தம்பியின் முகத்தில் நேராக விழும்படி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றாள்.

வெல்டரின் கை பின்னால் போய் முன்னால் வந்தது.

அவள் பார்த்தாள். தாடை முதலில் போனது. உதடுகள் பின்தங்கி, போவதா இருப்பதா என்று தெரியாமல் நடுவில் தொங்கின. மூக்கு ஒருபக்கம் சப்பையாகப் படிந்தது. காதுமடல் முன்னால் மடங்கியது. முகத்தில் உள்ளதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடியபோது கண்கள் இரண்டும் அப்படியே நின்றன; அவை இன்னும் யாருடைய கை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இத்தனை நாளாகத் தேடியது எவ்வளவு எளிதான விஷயம் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை. இடதுபக்கக் கன்னத்தின் மடிப்பை இன்னொரு முறை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வெல்டர் இடுப்பிலிருந்த சுத்தியை உருவிவிட்டார். பற்றவைத்த இடத்தில் கசடு தட்டுவார்களே, ஒருபக்கம் கூராக இருக்கும், அந்தச் சுத்தி.

தம்பி போட்ட சத்தம் மனுஷச் சத்தம் மாதிரி இல்லை. அப்போதுதான் அக்காவுக்குக் கால் வந்தது. பாய்ந்து போய்க் கொட்டாப்புளியால் வெல்டரின் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்தது அவள் கைக்கே தெரிந்தது. தோளில் போட்டாள். அவர் விழுந்தபிறகும் விலாவில் போட்டாள். பக்கத்துப் பட்டறை ஆட்கள் வந்து அவளை இழுத்தபோது இழுத்தவன் ஒருவனின் கையைக் கடித்துச் சதையைப் பெயர்த்தாள். அடிப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பி மரத்தூளில் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். விரலிடுக்கில் வழிந்த ரத்தத்தை மரத்தூள் குடித்துக்கொண்டிருந்தது.

வெல்டர் பொண்டாட்டிக்கு இரண்டு விரல் போனது. தம்பிக்கு இடது கண் போனது.

ஆஸ்பத்திரியில் தம்பி பொண்டாட்டி அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, ஆற்றாமையில்தான் கேட்டாள். "அண்ணி, நீங்க அங்கதான இருந்தீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து தம்பி பதில் சொன்னான். மயக்க மருந்து தெளியாத குழறல்.

"அவ உளிய எடுத்துட்டா பக்கத்துல குண்டு போட்டாலும் தெரியாதுடி. டிரான்ஸ்பார்மர் கதைய மறந்துட்டியா? பாவம், அவள ஏன் கேக்குற?"

போலீஸ்காரரிடமும் அதையேதான் சொன்னான். ஒரே அடி, அதில் கண் போய்விட்டது, அக்கா வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை, தெரிந்ததும் வந்து காப்பாற்றினாள். அவள் வந்திராவிட்டால் தன் உயிர் மிஞ்சியிருக்காது என்றும் சொன்னான். முறிந்த கையில் கட்டோடு பிடிபட்டிருந்த வெல்டர், "மொத்தம் மூணு அடி சார். அந்தம்மா பாத்துக்கிட்டேதான் நின்னுச்சு" என்று சொன்னாராம். போலீஸ்காரர் இதைத் தம்பியிடம் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கண்குழி வலித்து, "புளுகன்" என்றான். பக்கத்தில் நின்ற அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுக மூடித்தான் இருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான், பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பான், ஆனால் அவளே சொன்னதாக இருந்திருக்கும். தம்பி தன்னை வெறுத்துவிடுவானோ என்று பயந்தாள். அவன் கையால் வாங்காத அடி இல்லை. அவன் வெறுத்து ஒருநாளும் அவளுக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்தாள். தூங்கலாம் என்று படுத்தாள். கண்ணை மூடினால் அந்த முகம் வந்து நின்றது. எழுந்து பட்டறைக்குப் போய், பலகையில் விட்டு வைத்திருந்த அந்தக் கட்டி மரத்தில் உளியை வைத்தாள். மறு யோசனையே இல்லை. எங்கே வெட்டவேண்டும், எங்கே விடவேண்டும் என்று உளிக்கே தெரிந்திருந்தது. தாடை வந்தது, தொங்குகிற உதடு வந்தது, மடங்கிய காது வந்தது. சாப்பிட்டாளா என்று நினைவில்லை. முகம் முடிந்தபோது தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தம்பி கண்ணில் கட்டுப்போட்டுக் கிடக்கிறான், இவளுக்குச் சந்தோஷம். அதற்காக வெட்கப்பட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுத் திரும்பவும் பலகையைத்தான் பார்த்தாள்.

மாஸ்டர் வந்தார். பலகையின் முன்னால் போய் நின்றார். அவரை அறியாமல் அவர் கை தன் தாடையைத் தொட்டது.

"இத எங்கம்மா பாத்தீங்க?"

"உங்க கூடத்துலதான்."

"எங்க கூடத்துல இது கெடைக்காது," என்றார் மாஸ்டர். கிட்டே போய்க் கன்னத்தில் ஓடுகிற ஒரு கோட்டைக் காட்டினார். "இந்த நரம்பு எப்படி இழுத்துக்கிட்டு நிக்குது பாருங்க. சிலிர்க்குது. மெருகு போட்டுக் கொடுத்துடுங்க, இந்த வாரமே மாட்டிடலாம்."

மெருகு போடுகிறவன் தம்பிதான். வேறு ஆளை வைத்துத் தேய்த்துவிடலாம் என்று பார்த்தாள். தம்பியிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தாள். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், முகத்தில் பாதிக்குக் கட்டு.

"எவன் கையும் படக்கூடாது," என்றான். "கண்ணுதான போச்சு, வெரலு இருக்குல்ல? ஒத்தக் கண்ணன் வேலையான்னு நாளைக்கு எவனும் கேட்டுறக் கூடாது."

"வேணாண்டா. ஒடம்பு தேறட்டும்."

"என்னக்கா, பாசம் பொத்துக்கிட்டு வருது? ஒரு அடி போடு, அப்பதான் எனக்கு நீன்னு நம்பிக்கை வரும்."

அவள் அடிக்கவில்லை. அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

பலகை நீளப் பெஞ்சின்மேல் மல்லாந்து கிடந்தது. அவள் அதன்மேல் ஒரு துணி போர்த்தி வைத்திருந்தாள். அவன் துணியை இழுத்துத் தரையில் போட்டான். குனிந்து, மிச்சமிருக்கிற கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். அக்கா தரையில் கிடந்த துணியை எடுத்துச் சுருட்டினாள்.

"யக்கா," என்றான்.  "பின்னிட்டக்கா. இவன எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. யாரு இது?"

 ஒருவன் அடி வாங்குகிற நொடியில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வாய்ப்பில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தாள். அவன் உப்புத்தாளைக் கிழித்து மடித்துத் தேய்க்க ஆரம்பித்தான். போனை வெளியே எடுக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் அதைத் தொடுவதே இல்லை. தோளைத் தேய்த்தான், கழுத்துக்கு வந்தான், ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலால் தடவித் தடவி நகர்ந்தான். இப்படி ஒரு கவனத்தோடு அவன் வேலை செய்து அவள் பார்த்ததே கிடையாது. மோவாயைத் தாண்டி விரல் கன்னத்துக்கு ஏறியது. ஏறிய விரல் நின்றது.

"இது என்னக்கா கோடு?"

"நரம்பு," என்றாள்.

"நரம்பு இப்படி ஓடாது." விரல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு காதுவரை போனது, மறுபடி மோவாய்வரை வந்தது. ஒரே அகலம், ஒரே ஆழம். ஓரத்தில் இழையிழையாக வரிகள். நாடாவின் நெசவைக்கூட விடாமல் செதுக்கி வைத்திருந்தாள். செதுக்கும்போது அது என்ன என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. கண்ணில் இருந்தது, கையில் வந்துவிட்டது. குத்துச்சண்டைக்காரன் எவன் தூசி மாஸ்க் மாட்டிக்கொண்டு சண்டைக்கு வருவான்?

தம்பி இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தான். காதிலிருந்து மோவாய்வரை இழுத்துப் பார்த்தான். வலது கை பலகையிலேயே இருந்தது. இரண்டு கையும் சேர்ந்தாற்போல் நின்றன.

"மாஸ்க்கு," என்றான்.

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ விழுந்தேன். அவன் என்னத் தூக்கினான். சட்டையோட மாஸ்க்கையும் சேத்துப் பிடிச்சான், மூச்சு முட்டுச்சு. அது இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது." ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் பேசினான். "அதுக்கு முன்னாடி நாடா இப்படி இழுத்துக்கிட்டு நிக்கல. மோவாயில சும்மாதான் கெடந்துச்சு. அவன் தூக்கினது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"தூக்கினத பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணு அடிச்சாரு. கையால. அதுதான் இது." அவள் பலகையைக் காட்டினாள். "அதுக்கப்புறம்தான் சுத்தி."

"மூணு அடின்னு அவன் சொன்னானாம். நான் சிரிச்சேன்." தம்பி பலகையிலிருந்து கையை எடுத்தான். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமேக்கா."

"போட்டிருக்கலாம்."

"ஏன் போடல?"

"மொத அடிய நான் பாக்கலடா," என்றாள். சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் உண்மை அதுதான். வேறு எந்த உண்மையும் அவளிடம் இல்லை.

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினால்கூடப் பழைய கணக்கில் சேர்ந்துவிடும். அவன் அவளைத் தொடவில்லை. சுவரோரம் போய் வாச்சியை எடுத்துக்கொண்டு வந்தான். அடிமரத்தைச் செதுக்கி எடுக்கிற வாச்சி, அகலமான இலையும் முழ நீளக் காம்பும் கொண்டது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அதைத் தலைக்குமேல் தூக்கினான். பெஞ்சின் விளிம்பில் இருந்த கையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

பயப்பட்டிருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். அவள் கண்ணோ, கட்டுக்கு மேலே அவன் புருவம் எப்படிச் சுருங்கி ஏறுகிறது, கண் இல்லாத பக்கத்துத் தசை எப்படி வேலை தெரியாமல் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"ஐயோ," என்றான் மெதுவாக. "இப்பவும் பாக்குறியேக்கா."

அவன் வாச்சியை இறக்கவில்லை.

"கண்ண மூடு. நான் சொல்ற வரைக்கும் தெறக்காத."

மூடினாள். வாச்சி இறங்கியது. அது கையில் விழவில்லை. தேக்கு பிளக்கிற சத்தம் அவள் அறியாத சத்தமா? பலகையில் எந்த இடம் என்பதுகூடக் காதுக்குத் தெரிந்தது. மூக்கு. அடுத்தது உதடு. ஒரு செதில் தெறித்து வந்து அவள் கன்னத்தைக் கீறியது. இன்னொன்று மூடிய இமைமேல் சுளீரென்று பட்டது. அவனுக்கு ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை; ஒரு வெட்டு பலகையை விட்டு விலகிப் பெஞ்சில் அவள் விரலுக்கு ஒட்டினாற்போல் இறங்கி, அதைப் பிடுங்க அவன் முக்கினான். கத்தினால் நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான வேலை அங்கே சில்லுச்சில்லாகப் போய்க்கொண்டிருந்தது. உயிர் போவதுபோல் இருந்தது. அவள் கண்ணையும் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.

வெட்டு நின்றது. தம்பி மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறானா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அக்கா."

"ம்."

"இன்னும் தெரியுதா அது?"

மூடிய கண்ணுக்குள் அந்த முகம் நாடாவோடும் மடங்கிய காதோடும் ஒரு செதில் குறையாமல் நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியுது," என்றாள்.

அவன் வாச்சியைப் பெஞ்சின்மேல் வைத்தான். அவன் நடந்து போவதும் செருப்பை மாட்டிக்கொள்வதும் கேட்டது. வெல்டர் வைத்துக் கொடுத்த கீலில் கதவு திரும்பிச் சாத்திக்கொண்டது. கண்ணைத் திறக்கலாம் என்று அவன் சொல்லிவிட்டுப் போகவில்லை.